மகமைப் பள்ளிகளும் ஐரோப்பிய ஒப்புமையும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரக் கல்வி வரலாற்றெழுத்து குறித்த ஒரு விமர்சனம்

திறவுச்சொற்கள்: மகமை, உறவின்முறை, திண்ணைப் பள்ளி, மிஷன் கல்வி, வணிகக் குழுப் பள்ளி, கரிசல்

தென்மாவட்டங்களின் நவீனக் கல்வியைப் பற்றிய எழுத்துகளில் ஒரு வழக்கமான வரிசை உண்டு. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், 1842இல் திருமங்கலத்தில் தொடங்கி 1845இல் பசுமலைக்கு மாறிய அதன் குருத்துவப் பள்ளி, மண்டபசாலை போன்ற வறண்ட ஊர்களில் அமைந்த மிஷன் நிலையங்கள், இவற்றைப் பார்த்து உள்ளூர்ச் சமூகத்தார் எழுப்பிய பள்ளிகள் என அவ்வரிசை அமையும். இதன்படி, அருப்புக்கோட்டைப் பள்ளிகள் ஐரோப்பியக் கல்விமுறையின் இரண்டாம் படி நகல்களாகிவிடுகின்றன. பாடத்திட்டத்தையும் வகுப்பறையையும் மட்டும் நோக்கின் இக்கருத்தை மறுப்பது எளிதன்று. பள்ளியை நடத்தியவர் யார், அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போதுதான் இவ்விளக்கம் போதாமற்போகிறது.

வகுப்பறையைப் பொறுத்தும் கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதாக இல்லை. சென்னை எழும்பூர் ஆண் அநாதை விடுதியில் 1789 முதல் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகும் நாட்டுவழக்கத்தை ஏற்று, மூத்த மாணவனே இளையோர்க்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்றே அது இங்கிலாந்தில் பெயர்பெற்றது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. நூறாண்டு கழித்து எதிர்த்திசையில் ஒரு நூல் வந்தது. 1879இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் இரமண மகரிஷி, 1896இல் மதுரை அமெரிக்க மிஷன் பள்ளியில் படிக்கையில் தண்டனையாகப் படியெடுக்கப் பணிக்கப்பட்டது அபர்டீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயினின் ஆங்கில இலக்கணத்தை. அவ்வேலையை முடிக்காமலே அவர் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். அவர் துறவு இங்கு ஆராய்ச்சிக்குரியதன்று. அவர் சென்ற தடமே நோக்கத்தக்கது. திருச்சுழியில் தொடக்கக் கல்வி, அடுத்துத் திண்டுக்கல், தந்தை இறந்தபின் மதுரை. குண்டாற்றங்கரை வழக்குரைஞர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்வி என்பது ஊரைவிட்டு வெளியேறும் பாதை.

அருப்புக்கோட்டையில் நிலைமை வேறு. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி ஆகியவற்றுடன் சேர்த்து ஆறூர் எனப்படும் நாடார் வணிக ஊர்களுள் அது ஒன்று. வண்டிப் பேட்டைகளைக் காக்கவும் கிணறு, கோயில் முதலிய பொதுப்பணிகளுக்காகவும் வணிகச் சரக்கின்மீது பிடிக்கப்பட்ட மகமை, உறவின்முறையின் பொதுநிதியாயிற்று. முறைகாரர்கள் அதன் கணக்கைக் காத்தனர். விருதுநகரில் 1880களில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை இந்த அமைப்பின் விளைவே. வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியும் அதற்கு உதவிற்று. அருப்புக்கோட்டையின் சைவ பானு சத்திரியப் பள்ளிகளும் அம்மரபின. ராபர்ட் ஹார்டுகிரேவ் (1969), டென்னிஸ் டெம்பிள்மேன் (1996) இருவரும் மகமையை விரிவாகவே விளக்கியுள்ளனர். ஆயினும் இருவரின் நூல்தலைப்புகளும் அறிவிப்பதுபோல, அவர்களின் அக்கறை மாற்றமுறும் ஒரு சாதியைப் பற்றியது. ஆதலின் பள்ளி அங்கே அச்சாதியின் ஏற்றத்திற்கு ஒரு சான்றாகவே நின்றுவிடுகிறது.

ஐரோப்பாவோடு ஒப்பிடுவதாயின் எந்த ஐரோப்பா என்பதைத் தெளிவாக்க வேண்டும். பொலோஞாவில் மாணவரும் பாரிசில் ஆசிரியரும் கூட்டாகத் திரண்ட அமைப்பே பல்கலைக்கழகம். ‘யுனிவெர்சிதாஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கே கூட்டமைப்பு என்பதுதான் முதற்பொருள். உறவின்முறையை அதற்கு இணையாகக் காட்டுவது கவர்ச்சியான பிழை. உறவின்முறையில் திரண்டவர் கற்போரோ கற்பிப்போரோ அல்லர், வணிகர். பொருத்தமான இணை, இலண்டன் செயின்ட் பால் பள்ளி. பேராலயத் தலைமைக்குருவான ஜான் காலெட், 1509 அளவில் தாம் நிறுவிய அப்பள்ளியின் நிருவாகத்தைத் திருச்சபையிடம் விடாமல் துணிவணிகர் குழுவிடம் ஒப்படைத்தார். தையற்கலைஞர் குழுவின் பள்ளி 1561இல் எழுந்தது. எனினும் ஒரு வேறுபாடு பெரிது. இலண்டன் வணிகர் காத்தது காலெட்டின் குடும்பச் சொத்தை. அருப்புக்கோட்டை வணிகர் செலவிட்டது அன்றாட வியாபாரத்தில் பிடித்த பணத்தை.

இவ்வேறுபாட்டிலிருந்தே முக்கியமான கேள்வி எழுகிறது. ‘சமுதாயத்தின் சொந்தப் பணம்’ என்னும் பெருமிதத்திற்கு வரலாற்று நியாயம் உண்டு. கமுதிக் கோயில் வழக்கில் 1908இல் பிரிவி கவுன்சில் வரை சென்று தோற்ற மக்கள், கோயில் மறுத்த ‘சத்திரிய’ப் பெயரைப் பள்ளி முகப்பில் எழுதியதைச் சிறிய செயலாகக் கருதவியலாது. ஆனால் சரக்கின்மீது விழும் எந்த வரியும் வணிகரோடு நிற்பதில்லை. அதன் ஒரு பங்கு விளைவித்தவருக்குக் கிடைக்கும் விலையில் குறையலாம். மற்றொரு பங்கு வாங்குபவர் விலையில் கூடலாம். அவ்வாறாயின் பருத்தியை அருப்புக்கோட்டைச் சந்தைக்குக் கொணர்ந்த திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் உழவரும், அவர்கள் நிலத்தில் பருத்தி எடுத்த கூலிப் பெண்களும் அப்பள்ளிகளின் பெயரறியாப் புரவலர்களே. காலெட்டின் பள்ளிச் சட்டம் 153 மாணவரை எந்நாட்டவராயினும் சேர்க்கலாம் என்றது. அருப்புக்கோட்டைப் பள்ளிகளின் தொடக்கக்காலச் சேர்க்கைப் பதிவேடுகளையும் இந்நோக்கில் வாசிக்க வேண்டும். பள்ளர், பறையர், பெண்பிள்ளைகள் அவற்றில் எந்த ஆண்டில் இடம்பெறத் தொடங்கினர் என்பது விழா மலர்களைக் கொண்டு தீர்மானிக்கத்தக்கதன்று. அதற்கும் முன்னதாக உறவின்முறைக் கணக்கேடுகளில் தேட வேண்டியது ஒன்றுண்டு: ஒரு பொதி பருத்திக்குப் பிடித்த மகமை விற்றவர் பற்றில் எழுதப்பட்டதா, வாங்கியவர் பற்றிலா என்பது.