கிட்டப் போகிறவனின் வில்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் பாதை தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, உடுதும்பறை என்று மலையேறிவிட்டு, பதினெட்டு வளைவுகளில் ஒரேயடியாகக் கீழே இறங்குகிறது. மலையின் ஈரக்காற்று முடிந்து வறண்ட காட்டின் வெக்கை முகத்தில் அடிக்கும் அந்த அடிவாரம்தான் பழைய பிந்தன்னை, கண்டி இராச்சியத்தின் கிழக்குக் காடு. இலங்கையில் வில் வேட்டையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இந்த மண்ணில் நின்றுதான் பேச வேண்டும். மகியங்கனையைத் தாண்டி தம்பானைக்குப் போனால் பழங்குடிகளான வேடர்களின் நெடுவில்லை இன்றும் பார்க்கலாம். போகிறவர்களில் பெரும்பாலானோர் அதைக் கையில் வாங்கி, ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நிதானமாக நின்று ரசிக்க வேண்டிய பொருள் அது.

முதல் பார்வைக்கு அதில் ஒன்றுமே இல்லை: சீவிய ஒரு கம்பு, மரப்பட்டை நாரை முறுக்கிக் கட்டிய ஒரு நாண். செதுக்கு வேலை கிடையாது, பூச்சு கிடையாது. 1911 இல் வேடர்களைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்ட செலிக்மன் தம்பதி, வில்லுக்குக் கொப்பே மரமும் அம்புத் தண்டுக்கு வெலங் மரமும் பயன்பட்டதைப் பதிந்திருக்கிறார்கள். இரண்டுமே காட்டோரத்தில் சாதாரணமாக வளர்பவை. அபூர்வமான பொருள் எதுவும் இல்லாமல், கைக்கெட்டும் மரத்திலிருந்து ஓர் உயிரை வீழ்த்தும் கருவியைச் செய்திருக்கிறார்கள். ரசனை தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு அந்த வில் நீண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. வில் வளையும்போது அதன் வெளிப்புற நார்கள் இழுபடுகின்றன, உட்புற நார்கள் நெரிபடுகின்றன. கம்பு குட்டையாக இருந்தால் அத்தனை வளைவும் சிறிய இடத்துக்குள் அடங்கவேண்டி வரும். மரம் படாரென்று முறிந்துபோகும். நீளமான கம்பிலோ அந்த வளைவு பரவிப்போகிறது, எந்த ஒரு சாணும் தாங்க முடியாத பாரத்தைச் சுமப்பதில்லை. துருக்கியரும் மொகலாயரும் குட்டை வில்லில் பெரும் வலுவைக் கொண்டுவந்தார்கள். கொம்பையும் தசைநாரையும் மரத்தோடு ஒட்டிச் செய்த வில் அது. ஆனால் அதற்கு உயிர் பசையில் இருக்கிறது, பசைக்குப் பகை ஈரம். வாடைக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டும் மாதங்களில் பிந்தன்னைக் காட்டில் அப்படிப்பட்ட வில்லைக் காப்பாற்றுவது பெரும் பாடு. ஒற்றை மரத்தில் செய்த நெடுவில்லுக்கு அந்தக் கவலை குறைவு.

செய்கிறவரின் கை எங்கே தெரிகிறது? நடுவிலிருந்து நுனிவரை விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். தடிப்பு எந்த இடத்திலும் சட்டென்று குறையக்கூடாது, படியும் இருக்கக்கூடாது, பள்ளமும் இருக்கக்கூடாது. கணு வரும் இடத்தில் கைதேர்ந்தவர் மரத்தைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுவைப்பார், ஏனென்றால் நார் அங்கே வளைந்து ஓடுகிறது. அதை மட்டமாகச் சீவிவிட்டால் ஒருநாள் அங்கேதான் வெடிக்கும். பிறகு நாணை இழுத்து, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒத்து வளைகின்றனவா என்று பார்க்க வேண்டும். விறைப்பாக நிற்கும் பாதியில் ஒரு சீவல், மறுபடி ஓர் இழுப்பு, மறுபடி ஒரு சீவல். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அளவுகோல் இல்லாமல், கண்ணும் கைப்பழக்கமும் மட்டுமே துணையாக எட்டும் அந்தச் சமநிலையே வில்லின் அழகு. நல்ல வில்லை வளைத்துப் பிடித்தால் கோணலில்லாத ஒரே வளைவாக நிற்கும். அதைக் கண்டபிறகு அதன்மேல் சித்திரம் வேண்டுமென்று தோன்றாது.

அம்பு இன்னும் நுட்பமான பொருள். நாணிலிருந்து விடுபடும் அம்பு நேராகப் போவதுபோல் நமக்குத் தெரிகிறது. உண்மையில் அது வில்லின் நடுக்கட்டையைச் சுற்றிக்கொண்டு நெளிந்துதான் வெளியேறுகிறது. தண்டு அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் ஒரு பக்கம் விலகும், தொய்வாக இருந்தால் மறுபக்கம் விலகும். ஆகவே வில்லின் வலுவுக்கு ஏற்ற தண்டைப் பார்த்துப் பொறுக்க வேண்டும். நெளிவை அடக்கிப் பாதையைச் சீர்செய்வது வாலில் கட்டிய இறகின் வேலை. முனையில் இலை வடிவ இரும்பு. அது பாரமானது, அதனால் அம்பு வெகுதூரம் பறக்காது. ஆனால் கிட்டத்தில் ஆழமாக இறங்கும். துப்பாக்கி ரவை அதிர்ச்சியால் கொல்கிறது, அம்பு வெட்டி இரத்தத்தை வடித்துக் கொல்கிறது. அதனால்தான் முனை கூராக இருந்தால் மட்டும் போதாது, இரு விளிம்பும் சவரக்கத்திபோல் இருந்தாக வேண்டும்.

அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு அருமையான சாட்சி ஒன்று உண்டு. 1660 இல் சிறைப்பட்டு, 1679 இல் தப்பும்வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681 இல் லண்டனில் வெளியிட்ட நூலில் அதைச் சொல்கிறார். அம்பு வேண்டுமென்றால் வேடர்கள் இரவோடிரவாகக் கொல்லன் பட்டறைக்கு இறைச்சிச் சுமையைக் கொண்டுவந்து கட்டித் தொங்கவிடுவார்கள். பக்கத்திலேயே, முனை எந்த வடிவில் வேண்டுமோ அந்த வடிவில் வெட்டிய ஓர் இலையும் தொங்கும். கொல்லன் அதே வடிவில் அடித்து அதே இடத்தில் வைத்துவிட்டால் மேலும் இறைச்சி வந்து சேரும். அடித்துக் கொடுக்காவிட்டால் என்றாவது ஒருநாள் இருட்டிலிருந்து அம்பு வரும். முகம் பாராத இரண்டு கைவினைஞர்களுக்கு நடுவே ஓர் இலை வரைபடமாக நின்றிருக்கிறது. அகலம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, தோள் எங்கே சரிய வேண்டும் என்பதையெல்லாம் அந்த இலையை வெட்டியவர் மனத்தில் துல்லியமாக வைத்திருந்தார்.

இத்தனை கவனத்தோடு செய்த வில்லையும் அம்பையும் வைத்துக்கொண்டு வேடர்கள் எட்டாத தூரத்துக் குறியை வீழ்த்தினார்கள் என்று நினைத்தால் தவறு. அவர்களை நேரில் பார்த்து எழுதியவர்கள், தூரத்துக் குறியில் அவர்களைப் பெரிய வில்லாளிகளாகச் சொல்லவில்லை. அவர்களின் வெற்றி தடம் பார்ப்பதிலும் மிருகத்தை நெருங்குவதிலும் இருந்தது. எனக்கு இந்த வில்மேல் தீராத மதிப்பு வந்தது இதனால்தான். வில் என்பது பாதி வேலையைச் செய்யும் கருவி; மீதிப் பாதியை ஆள் நடந்து முடிக்க வேண்டும். மரையின் குளம்படியில் மண் உலர்ந்திருக்கிறதா, மடங்கிய புல் நிமிரத் தொடங்கிவிட்டதா, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையெல்லாம் படித்துக்கொண்டு, காய்ந்த சருகில் வெறுங்காலை ஓசையில்லாமல் ஊன்றி, புள்ளிமான் தலை குனியும்போது ஓர் அடி, நிமிரும்போது அசையாமை. பழைய படங்களில் வேடர் கையில் வில்லோடு இரண்டு மூன்று அம்புகள்தான் இருக்கும், அம்பறாத்தூணி கிடையாது. அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

வில்லோடு நெருங்குகிறவனுக்கு மானைவிடக் கடினமான பாடம் பறவை. நக்கிள்ஸ் மலைச்சாரலில் விடியற்காலையில் காட்டுக்கோழிச் சேவல் கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். இலங்கைக்கே உரிய பறவை, நாட்டின் தேசியப் பறவை. செம்மஞ்சள் உடம்பு, சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டு. சேவல்கள் சிறகைப் படபடவென்று அடித்து ஒன்றையொன்று சண்டைக்கு அழைக்கும். அந்த ஓசையைக் கையாலோ துணியாலோ அப்படியே எழுப்பி, மறைந்திருந்து சேவலை இழுக்கும் உத்தி நம் கிராமத்து வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்கக் காடுகளில் வான்கோழியை நெடுவில்லால் வேட்டையாடுகிறவர்களும் இதே வழியைத்தான் கண்டிருக்கிறார்கள். பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலைத் தங்களிடம் வரவைக்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பறவைக்குச் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும். துப்பாக்கிக்காரர் முன்கூட்டியே குறிவைத்துக்கொண்டு விரலை மட்டும் அசைத்தால் போதும். வில்லாளியோ பறவையின் கண்முன்னே தோளையும் கையையும் அசைத்து நாணை இழுத்தாக வேண்டும். ஆகையால் வான்கோழியின் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பார்கள். அது மறுபுறம் வெளிப்படுவதற்குள் இழுத்து முடிக்க வேண்டும். எங்கோ இருக்கும் அந்தக் காட்டுக்கும் பிந்தன்னைக்கும் இடையில் பேச்சே நடந்ததில்லை. ஆனாலும் வில் இரு இடத்திலும் மனிதனுக்கு ஒரே பொறுமையைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கலை மறுபடி துளிர்த்த கதையிலும் ஒரு காட்டு மனிதர் இருக்கிறார். யாஹி பழங்குடி இனத்தில் கடைசியாக எஞ்சியவரென அறியப்பட்ட இஷி 1911 இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடமே வில்செய்யவும் எய்யவும் கற்று, 1916 இல் இஷி இறந்தபின் யூ மரத்து நெடுவில்லை எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போனார். 1923 இல் அவர் எழுதிய நூல்தான் பலரை வில்லின் பக்கம் திருப்பியது. இஷியைப் பற்றி போப் சொன்னதும் செலிக்மன்கள் வேடரைப் பற்றிச் சொன்னதும் ஒன்றுபோல இருக்கின்றன. பந்தயக் குறியில் இஷி பெரிதாகச் சோபிக்கவில்லை. காட்டில் மிருகத்தைத் தன்னிடம் வரவைப்பதிலும் அதனிடம் போய்ச்சேர்வதிலும் அவருக்கு நிகரில்லை.

மறுபடி நம் பக்கத்துக்கு வருவோம். கண்டி அரசவைக்கும் வில் பழக்கமானதுதான். ஒல்லாந்தருக்கு எதிரான அவசரப் படையெடுப்பொன்றுக்கு வேடர்களைத் திரட்டியபோது மற்ற யாருக்கும் குறையாமல் அவர்கள் போரிட்டார்கள் என்றும், திரும்பியபின் மறுபடி அழைத்துவிடுவார்களோ என்று அஞ்சிக் காட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போய்விட்டார்கள் என்றும் நொக்ஸ் எழுதுகிறார். அரசவைக்கு வேறு விதமான வில்லும் இருந்தது. அரக்கைச் சூடாக்கி, மெல்லிய இழையாக இழுத்து, கட்டைவிரல் நகத்தால் மரத்தின்மேல் பதிக்கும் வேலை மாத்தளைப் பக்கத்து ஹபுவிடவில் நடந்தது. சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் பச்சையுமாக ஈட்டித் தண்டிலும் வில்லிலும் அந்த அலங்காரம் ஏறியது. நம்மவரான ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற நூலில் கண்டிக் கைவினைஞர்களின் இந்த உலகத்தைப் பேரன்போடு எழுதி வைத்தார். அந்த அரக்கு வில் என் கண்ணை நிறைக்கிறது. ஆனாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பூச்சில்லாத வேடர் வில்லைத்தான் எடுப்பேன். அதில் மறைக்க எதுவும் இல்லை, செய்தவரின் ஒவ்வொரு முடிவும் வெளியே தெரிகிறது.

வேடர்களுக்கு அம்பு வெறும் ஆயுதம் மட்டுமன்று. கந்தே யக்கா என்ற பழைய வேட்டைவீரரின் ஆவியை வேட்டைக்குத் துணைநிற்க அழைக்கும் கிரிகொரஹா சடங்கில், தேங்காய்ப்பால் நிறைந்த பானையைச் சுற்றி அம்பை ஏந்தியபடி ஆடுவார்கள். வள்ளியை வேடர் குலத்தில் வைத்து வணங்குகிறவர்களும் கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் வைத்தவர்களும் ஆகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றக்கூடாது. மகியங்கனைப் பெரஹராவில் வேடர்கள் தேனோடும் வில்லம்போடும் ஊர்வலமாக வருவதும், கண்டித் தலதா மாளிகைக்குத் தேன் கொண்டுவந்து காணிக்கை வைப்பதும் அந்தப் பழைய உறவின் தொடர்ச்சிதான்.

இன்று வேட்டை இல்லை. 1937 இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம். 1983 இல் மாதுரு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது வேடர்களின் வேட்டைக்காடே பூங்கா எல்லைக்குள் போய்விட்டது. பலர் ஹெனானிகலவுக்குக் குடியேற்றப்பட்டார்கள். 1998 இல் காலமான முதுதலைவர் திசாஹாமி தம்பானையை விட்டு நகர மறுத்தார். காட்டுக்கோழியும் மரையும் பிழைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இந்தக் கலை அம்பு பறக்கும் அந்த ஒரு நொடியோடு முடிந்துவிடுவதில்லை. மரம் பார்த்தல், நார் முறுக்குதல், தண்டு பொறுக்குதல், தடம் படித்தல், ஓசையில்லாமல் நடத்தல் இவற்றைப் பூங்கா எல்லைக்கு வெளியே இன்றும் பழகலாம். இந்தக் கலையின் பெரும்பகுதி இவைதான். நூதனசாலையில் ஒரு வில்லைக் கண்ணாடிக்குள் வைக்கும்போது 'வேடர் வில்' என்று மட்டும் எழுதாமல் என்ன மரம், எந்த நார், யாருடைய கை என்றும் எழுதலாம். தம்பானைப் பிள்ளைகளுக்குத் தடம் படிக்கக் கற்றுக்கொடுப்பதைப் பள்ளிப்பாடமாகவே வைக்கலாம். தம்பானைக்குப் போகிற நாமும் வில்லை ஏந்திப் படம் பிடித்துக்கொள்வதற்குப் பதிலாக, ஒரு கம்பைச் சீவிக் காட்டச் சொல்லி, அதற்குரிய கூலியைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். தூரத்தை ஒரு விரலசைவில் வெல்லும் கருவிகள் நம்மிடம் நிறைய வந்துவிட்டன. அவற்றில் எதுவும், ஓர் உயிரின் பக்கத்தில் போவதற்கு அதை முழுதாக அறிந்திருக்க வேண்டும் என்று நம்மிடம் கேட்பதில்லை. இந்த நெடுவில் கேட்கிறது. அதனால்தான் வேட்டை நின்ற பிறகும் அது கற்கத் தகுந்த கலையாக நிற்கிறது.