உச்ச ஸ்வரமும் ஒற்றை ஸ்வரமும்

ஒரு பாட்டை ஒரே ஒரு கோஷ்டி பாடிக் கேட்டவருக்கு அந்தப் பாட்டைத் தெரியும் என்று சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்தது அந்தக் கோஷ்டியைத்தான். இரண்டாவது கோஷ்டி பாடிக் கேட்கும்போதுதான் எது பாட்டினுடையது, எது பாடுகிறவர்களுடையது என்று பிரித்துப் பார்க்க வழி பிறக்கிறது. மூன்றாவது கோஷ்டியையும் கேட்டுவிட்டாலோ, நமக்கென்று ஒரு கட்சி ஏற்பட்டுவிடும்; வாய் சும்மா இராது. என் வாயைச் சும்மா இருக்கவிடாத பாட்டு, இத்தாலியரான கிரகோரியோ அல்லெக்ரி இயற்றிய ‘மிஸரேரே’.

பெயரைக் கண்டு மிரள வேண்டியதில்லை. தாவீது ராஜாவின் 51-ஆம் சங்கீதம்தான் அது. பிறன் மனைவியை விரும்பி, அவள் புருஷன் போர்க்களத்தில் மடியும்படி சூழ்ச்சி செய்த ஓர் அரசன், குட்டு வெளிப்பட்ட பிறகு கடவுளிடம் கதறியது என்று அதைப்பற்றி மரபு சொல்கிறது. அல்லெக்ரி 1629-ல் போப்பாண்டவரின் பாடகர் குழுவில் சேர்ந்த பாதிரியார். ரோமாபுரியில் உள்ள சிஸ்டைன் ஆலயத்தில், ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தில், மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்து, இருள் சூழ்ந்த பிறகு இதைப் பாடுவது வழக்கமாக இருந்தது.

பாட்டின் அமைப்பு மிகவும் எளியது. ஐந்து குரல்களுக்கு எழுதிய ஒரு கோஷ்டி. நான்கு குரல்களுக்கு எழுதிய இன்னொரு கோஷ்டி. முதல் கோஷ்டி ஓர் அடி பாடும். பிறகு ஆண் குரல்கள் மட்டும் அடுத்த அடியை, அநேகமாக ஒரே ஸ்வரத்தில், பாராயணம் செய்வதுபோல் சொல்லும். அதன் பிறகு, சற்றுத் தொலைவில் நிற்கும் இரண்டாவது கோஷ்டி இன்னோர் அடி பாடும். மறுபடியும் பாராயணம். இப்படியே மாறி மாறிச் சென்று, கடைசி அடியில் இரண்டு கோஷ்டிகளும் சேர்ந்து ஒன்பது குரல்களாக ஒலித்து முடிப்பார்கள்.

இந்தப் பாட்டைப்பற்றி எல்லாரும் சொல்லும் கதை மோஸார்ட்டின் கதை. 1770-ல் பதினாலு வயதுப் பையனாகத் தகப்பனாருடன் ரோமுக்கு வந்த மோஸார்ட், ஆலயத்தில் இதைக் கேட்டுவிட்டு ஞாபகத்திலிருந்தே எழுதிவிட்டான். தகப்பனார் அதைப் பெருமையுடன் ஊருக்குக் கடிதமாக எழுதினார். பாட்டின் பிரதி வெளியே போகக்கூடாதென்று கட்டுக்காவல் இருந்ததாகவும், மீறினால் மதத்தை விட்டே விலக்கிவிடுவார்கள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். இதில் உப்பும் புளியும் கொஞ்சம் கூடுதல். அதற்கு முன்பே சில பிரதிகள் வெளியே போயிருந்தன. அடுத்த ஆண்டே சார்ல்ஸ் பர்னி லண்டனில் அச்சிட்டும் விட்டார்.

அந்த அச்சுப் பிரதியைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியவரும். இன்று எந்த ஸ்வரத்துக்காக இந்தப் பாட்டை உலகம் கொண்டாடுகிறதோ, அந்த ஸ்வரம் அதில் இல்லை! நான்கு குரல் கோஷ்டியின் அடியில், மேல் குரல் ஒன்று திடீரென்று கூரையைத் தொடுவதுபோல் எழும்புகிறது. ஹார்மோனியத்தின் நடு ‘ஸி’யிலிருந்து இரண்டு ஸ்தாயி மேலே இருக்கும் ‘ஸி’யைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. இது எப்படி வந்தது? 1831-ல் மெண்டல்ஸோன் என்ற இசை மேதை ரோமில் இதைக் கேட்டு, ஒரு பகுதியைக் குறித்து வைத்தார். அன்று பாடகர்கள் ஏட்டில் உள்ளதைவிட நான்கு ஸ்வரம் மேலே சுருதி வைத்துப் பாடினார்கள். 1880-ல் வெளிவந்த குரோவ் சங்கீத அகராதியில், அந்த மேல் சுருதித் துண்டைக் கீழ்ச் சுருதியில் இருந்த அடியின் நடுவே ஒட்டிவிட்டார்கள். பிறகு வந்த பதிப்புகள் அதையே வழிமொழிந்தன. ஒட்டுப்போட்ட இடம்தான் உலகப் பிரசித்தமாகிவிட்டது!

இனி, மூன்று இசைத்தட்டுகளுக்கு வருகிறேன்.

முதலாவது, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் குழு, டேவிட் வில்காக்ஸ் தலைமையில் 1963-ல் பாடியது. லத்தீன் மொழியில் அல்ல. ஐவர் அட்கின்ஸ் பதிப்பித்த ஆங்கிலப் பாடத்தில். உச்ச ஸ்வரத்தைப் பாடியவன் ராய் குட்மன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன். ரக்பி மைதானத்திலிருந்து சேறு படிந்த முழங்காலோடு நேரே வந்து பாடியதாக, பெரியவராகிப் பேர்பெற்ற இசைக் கலைஞரான பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குரலில் முயற்சியே தெரிவதில்லை. பாவம் என்றால் என்னவென்று அறியாத குரல்.

ஓர் ஆட்சேபம் எழலாம். கொலைகார அரசனின் கதறலைச் சிறுவன் பாடுவது பொருந்துமா? பொருந்தும் என்பது என் கட்சி. அந்த மேல் குரல் அரசனுடைய குரலே அல்ல. அரசன் தொலைத்துவிட்டது எதுவோ, அதன் குரல். அது தூரத்தில் ஒலிக்க வேண்டும், கைக்கு எட்டக்கூடாது. ஆகவே சிறுவன் பாடியது சரிதான்.

அப்படியானால் அரசன் எங்கே? அந்த ஒற்றை ஸ்வரப் பாராயணத்தில்தான் இருக்கிறான். ஜோடனை எதுவும் இல்லாமல், ஆண் குரல்கள் மட்டும், சொல்ல வந்ததைச் சொல்லியே தீரவேண்டும் என்று நிற்கிற இடம் அதுதான். கிங்ஸ் குழுவிடம் எனக்கு உள்ள மனத்தாங்கல் இங்கேதான். அவர்கள் பாராயணம் மிக அழகாக இருக்கிறது, அதுவே குறை. நாள்தோறும் சாயங்கால வழிபாட்டில் சங்கீதம் சொல்லிப் பழகிய நாக்கு அது. வழவழவென்று போகிறது. ஆலயத்தின் நீண்ட எதிரொலி மிச்சமிருக்கும் கூர்மையையும் மழுக்கிவிடுகிறது. குற்றவாளி இல்லாமலே மன்னிப்பு மட்டும் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது, பீட்டர் பிலிப்ஸ் 1973-ல் தொடங்கிய டாலிஸ் ஸ்காலர்ஸ் குழு, 1980-ல் ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரி ஆலயத்தில் பாடியது. இது லத்தீன் பாடம். மேல் குரல்களைப் பாடுகிறவர்கள் சிறுவர்கள் அல்ல, பெண்கள். நான்கு குரல் கோஷ்டியைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். அந்தத் தூரம் தட்டில் நன்றாகக் கேட்கிறது. உச்ச ஸ்வரம் வருகிறது, போகிறது. ‘பார், எப்படித் தொட்டேன்!’ என்று திரும்பிப் பார்ப்பதில்லை. அதைவிட முக்கியம், இவர்களுடைய பாராயணம். குழைவு இல்லை, கெஞ்சல் இல்லை. வழக்கு மன்றத்தில் வாக்குமூலம் கொடுப்பவனைப்போல் வார்த்தை வார்த்தையாக வருகிறது. அதைக் கேட்ட காதோடு தூரத்துக் கோஷ்டியைக் கேட்டால், இடையில் இருக்கும் வெளி வெறும் அடிக் கணக்கு அல்ல என்று விளங்கிவிடுகிறது.

குறை இல்லையா? இருக்கிறது. ஒரு குரலும் பிசகுவதில்லை. பிசகிவிடுமோ என்ற பயமும் நமக்கு வருவதில்லை. இவ்வளவு சுத்தமாகப் பாடுகிறவர்கள் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்கிறது.

மூன்றாவது, ஹாரி கிறிஸ்டோஃபர்ஸ் நடத்தும் ‘தி சிக்ஸ்டீன்’ குழு 2013-ல் வெளியிட்டது. இவர்கள் ஒரு புதிய காரியம் செய்திருக்கிறார்கள். 1661-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியில் உள்ள எளிய வடிவில் ஆரம்பித்து, காலந்தோறும் பாடகர்கள் சேர்த்த அலங்காரங்களை அடிக்கு அடி கூட்டிக்கொண்டே வந்து, இன்று நாம் அறிந்த உச்ச ஸ்வரத்தில் கொண்டு வந்து விடுகிறார்கள். ஒரு பாட்டின் சரித்திரம் முழுவதையும் அந்தப் பாட்டுக்குள்ளேயே கேட்டுவிடலாம். எனக்கு இதில் கிடைத்த பெரிய லாபம், உச்ச ஸ்வரம் இல்லாத ஆரம்ப அடிகள். ‘அது இல்லாவிட்டால் இந்தப் பாட்டில் என்ன இருக்கிறது?’ என்பவர்களுக்கு அதுவே பதில். எல்லாமே இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு நஷ்டமும் உண்டு. ஒவ்வோர் அடியிலும் என்ன மாறியிருக்கிறது என்று காது கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. அரசனை மறந்து ஆராய்ச்சியில் இறங்கிவிடுகிறோம். படிக்க வேண்டிய தட்டு. தினம் கேட்க வேண்டிய தட்டு அல்ல.

அப்படியானால் தவறுதலாக வந்த அந்த ஸ்வரத்தை எடுத்து எறிந்துவிடலாமா? வேண்டாம் என்றே சொல்லுவேன். பழைய ஏடுகளைப் பதிப்பிப்பவர்கள் பாடபேதம் என்று ஒன்று சொல்வார்கள். பாடபேதம் எல்லாமே பிழை அல்ல. சிலவற்றை ஜனங்களின் நாக்கும் காதும் சேர்ந்து சொந்தமாக்கிக்கொண்டுவிடுகின்றன. இதுவும் அந்த ஜாதி. ஸ்வரத்தில் குற்றம் இல்லை. அதற்காக மட்டும் காத்திருக்கிறோமே, அதில்தான் குற்றம். பாயசத்துக்காகவே பந்தியில் உட்காருகிறவர் சோற்றின் ருசியை அறிவதில்லை. நம் கச்சேரிகளிலும், பாடகர் மேல் ஸ்தாயியில் நின்றுவிட்டால் கைதட்டி, அவர் கீழே இறங்கியதும் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப்போலத்தான் இந்தப் பாட்டையும் பலர் கேட்கிறார்கள். பாராயணம் வரும்போது தொண்டையைக் கனைத்துக்கொள்ளச் சௌகரியமான இடைவேளை என்று நினைக்கிறார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: ஒரு குரலுக்காகக் கிங்ஸ், பாட்டு முழுவதற்கும் டாலிஸ் ஸ்காலர்ஸ், மூட நம்பிக்கை தெளிய சிக்ஸ்டீன். ஒரே ஒரு தட்டுத்தான் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றால், 1980-ஆம் வருஷத்துத் தட்டையே எடுத்துக்கொள்வேன். அதில்தான் மன்னிப்புக் கேட்க ஓர் ஆள் நிற்கிறான்.

வாசகர்கள் என் தீர்ப்பை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஒன்று மட்டும் செய்து பாருங்கள். மூன்றில் எதை வைத்தாலும், முதல் தடவை அந்த ஆண் குரல்களின் பாராயணத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள். உச்ச ஸ்வரத்தைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம்; அது எங்கும் போய்விடாது. கீழே ஒருவன் நிற்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டால், மேலே ஒலிப்பது யாருக்காக என்பதும் தெரிந்துவிடும்.