பெரும்பக்க நயம்

முதலில் 512 என்ற எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். இயங்குதளத்தின் கருவான கெர்னல், நினைவகத்தைப் பக்கம் பக்கமாகத்தான் பங்கிட்டுக் கொடுக்கும். வழக்கமான பக்கம் 4 கேபி, அதாவது 4096 பைட். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்க ஓர் அட்டவணை வேண்டுமல்லவா? அதில் வரிக்கு 8 பைட், மொத்தம் 512 வரி. பெருக்கினால் 4096! பக்கங்களின் இருப்பிடத்தைச் சொல்லும் அட்டவணை, தானும் ஒரே பக்கத்துக்குள் இம்மியும் பிசகாமல் அடங்கிவிடுகிறது. 512 சிறு பக்கங்கள் சேர்ந்தால் 2 எம்பி. அதுதான் பெரிய பக்கம். அப்படி 512 பெரிய பக்கங்கள் சேர்ந்தால் 1 ஜிபி. அது அதனினும் பெரிய பக்கம். யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்த அளவுகளாகவே தோன்றவில்லை. ஒரே எண்ணிலிருந்து தாமாகக் கிளைத்துத் தழைத்தவை.

இந்த அழகைக் காண வெகுதூரம் போகவேண்டாம். எங்கள் காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் சென்னை ஐஐடி. அங்கே பேராசிரியர் காமகோடியின் குழு உருவாக்கிய சக்தி செயலியில் 2018-இல் லினக்ஸ் ஓடியது. (காமகோடி, சக்தி என்று கேட்டதும் எங்கள் ஊர்க்காரர்கள் புன்னகைப்பது வேறு கதை.) ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளை இலக்கணப்படி அமைந்த அந்தச் செயலியில் முகவரி அட்டவணைகள் மூன்று அடுக்கு. ஒவ்வொரு வரியிலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று மூன்று அனுமதிக் குறிகள். மூன்றும் வெறுமையாக இருந்தால், 'இன்னும் கீழே இறங்கு' என்று பொருள். படிக்கலாம் என்ற குறி ஒன்று இருந்தாலும் போதும், தேடல் அங்கேயே முடிந்தது. கடைசி அடுக்கில் முடிந்தால் 4 கேபி. நடு அடுக்கிலேயே முடிந்தால் 2 எம்பி. தலை அடுக்கிலேயே முடிந்தால் 1 ஜிபி. பெரிய பக்கத்துக்கென்று தனிக்குறியே கிடையாது! எங்கே நிற்கிறோமோ அதுவே அளவாகிவிடுகிறது. இன்டெல் செயலிகளில் இதற்கென ஒரு பிட்டை ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனாலும் என் மனம் இந்தச் சிக்கனத்தின் பக்கம்தான் சாய்கிறது.

பெரிய பக்கம் கேட்பது எளிது, கிடைப்பது அரிது. 512 சிறு பக்கங்களும் இடைவெளியின்றி ஒட்டியிருக்கவேண்டும். தொடங்கும் முகவரி 2 எம்பியால் மீதியின்றி வகுபடவும் வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தெருவில் மொத்தம் எவ்வளவு இடம் காலி என்பது அங்கே கணக்கே இல்லை. நடுவில் ஒரு சைக்கிள் நின்றாலும் பாவு நீளாது. ஊர் விழித்து வண்டிகள் கிளம்புமுன் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். கெர்னலுக்கும் விடியற்காலை உண்டு: இயந்திரம் பூட் ஆகும் நேரம். 1 ஜிபி பக்கங்கள் வேண்டுவோர் கெர்னலின் தொடக்க வரியிலேயே அளவையும் எண்ணிக்கையையும் எழுதிவிடுவது அதனால்தான்.

நேரம் தவறிக் கேட்டாலும் கெர்னல் உடனே கையை விரிப்பதில்லை. மெல் கோர்மன் என்பவர் எழுதி 2010-இல் லினக்ஸில் சேர்ந்த ஒழுங்குபடுத்தும் முறை ஒன்று உண்டு. அதில் இரண்டு துழாவிகள் புறப்படுகின்றன. நினைவகத்தின் அடியிலிருந்து மேலேறி வருவது நகர்த்தக்கூடிய பக்கங்களைப் பொறுக்குகிறது. உச்சியிலிருந்து இறங்கி வருவது காலி இடங்களைப் பொறுக்குகிறது. பொறுக்கிய பக்கங்கள் மேலுள்ள காலி இடங்களுக்குப் போக, கீழே ஒட்டுமொத்தமாக வெளி திறக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வேலை முடிந்தது. 

இவ்வளவு பாடு எதற்கு? காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பெரிய பட்டுக்கடை என்று வைத்துக்கொள்வோம். சரக்கும் கணக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். அதற்குப் பொது நினைவகம் 8 ஜிபி. சிறு பக்கங்களானால் 20,97,152. வரிக்கு 8 பைட் வீதம் அட்டவணைக்கு மட்டும் 16 எம்பி. போஸ்ட்கிரெஸில் இணைப்பு ஒவ்வொன்றும் தனி ப்ராசஸ், தனி அட்டவணை. முகூர்த்த மாதத்தில் நூறு இணைப்புகளும் நினைவகம் முழுவதையும் தொட்டால், அட்டவணைகளே 1600 எம்பியைத் தின்றுவிடும். பெரிய பக்கமானால் 4096 வரி, 32 கேபி. நூறுக்கும் சேர்த்து 3 எம்பி சொச்சம். செயலி தன் கைக்குள் வைத்திருக்கும் முகவரிக் குறிப்பேட்டிலும் இதே வரவுதான். இன்டெல் ஸ்கைலேக்கில் அதன் இரண்டாம் நிலையில் 1536 இடங்கள். அவை சிறு பக்கங்களானால் 6 எம்பிக்கு வழிகாட்டும், பெரிய பக்கங்களானால் 3 ஜிபிக்கு.

எத்தனை பெரிய பக்கம் வேண்டும் என்பதைக் கெர்னலுக்கு ஒரே ஓர் எண்ணாக எழுதிக் கொடுத்தால் போதும். முழுதும் அமையாவிட்டால் அது சண்டைக்கு வராது, முடிந்ததை எடுத்துவைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். ஆகவே எழுதிய கையோடு மெம்இன்ஃபோ என்ற கோப்பைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. அங்கே மொத்தம், காலி என்ற வரிகளுக்கு அடுத்து 'ரெஸர்வ்டு' என்று ஒரு வரி வரும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் தொடங்கியதும் பார்த்தால் காலி எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்கும், 'ஒதுக்கியதெல்லாம் வீணா?' என்று புதியவர்கள் பதறுவார்கள். வீணில்லை, வாக்குக் கொடுத்தாயிற்று. தொடத் தொடக் காலியும் ரெஸர்வ்டும் சேர்ந்தே குறையும். சிறு பக்கங்களின் விஷயத்தில் கெர்னலுக்குக் கொஞ்சம் தாராள மனசு. கையிருப்புக்கு மேலேயும் வாக்குக் கொடுத்துவிட்டு, நெருக்கடி வந்தால் ஏதாவது ஒரு ப்ராசஸைப் பலியிடும். பெரிய பக்கத்தில் அந்த விளையாட்டில்லை. தர முடியாது என்றால் கேட்கும்போதே மறுத்துவிடும். போஸ்ட்கிரெஸும் முகம் கோணாமல் சிறு பக்கங்களுக்குத் திரும்பிக்கொள்ளும். அதன் இயல்பான அமைப்பே 'ட்ரை', முயன்று பார் என்பதுதான்.

கேட்காமலே பெரிய பக்கம் தரும் வழியும் 2011-இல் வந்தது. எப்போதும், கேட்டால் மட்டும், வேண்டவே வேண்டாம் என்று அதற்கு மூன்று நிலை. நடுவிலுள்ளதுதான் என் கட்சி.

எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாட்டை இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன். எந்தப் பக்கத்தையும் நிரலிடம் கொடுக்குமுன் அதைச் சுழியத்தால் துடைத்துச் சுத்தமாக்கித் தரவேண்டும். முன்பு இருந்தவரின் எழுத்து அடுத்தவர் கண்ணில் படக்கூடாது. பெரிய பக்கமானால் துடைக்கவேண்டியது 2 எம்பி. முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகத் துடைத்தால் வேலை முடியத்தான் செய்யும். ஆனால் நிரல் தொடக் காத்திருப்பது 512-இல் ஒரு துண்டை. அதை ஆரம்பத்திலேயே துடைத்துவிட்டால், மற்றவற்றைத் துடைத்து முடிப்பதற்குள் அது செயலியின் விரைவு நினைவகமான கேஷிலிருந்து வெளியேறியிருக்கக்கூடும். 2017-இல் ஹுவாங் யிங் என்ற கெர்னல் நிரலாளர் இதைக் கவனித்தார். அவர் எழுதிய முறையில், நிரல் கேட்ட துண்டிலிருந்து வெகுதொலைவில் உள்ளவை முதலில் துடைக்கப்படும். பிறகு இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என்று மாறி மாறி நெருங்கி வந்து, கேட்ட துண்டு கடைசியில். நிரல் கை வைக்கும்போது அந்தத் துண்டு கேஷில் சூடாகவே இருக்கும். துடைக்கும் அளவில் ஒரு பைட்டும் கூடவில்லை, குறையவில்லை. வரிசை மட்டும்தான் மாறியது. மறு ஆண்டு, பெரிய பக்கத்தைப் பிரதி எடுக்கும் இடத்துக்கும் அவர் இதே வரிசையைக் கொண்டுபோனார்.