டைக்கோ வகுப்பை எதைக் கொண்டு அளப்பது?

பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஜப்பானிய டைக்கோ மேளம் கற்றுத்தரும் வகுப்புகள் அமெரிக்கா போன்ற நாடுகளில் நடந்துவருகின்றன. அவற்றுக்கு ஆதரவாக எழும் பேச்சைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கூற்றுகள் கிடைக்கும். மேளம் அடிக்கும் நேரத்தில் உடல் இலகுவாக அசைகிறது என்பது முதலாவது. அந்தப் பலன் வீட்டுக்கும் கூடவே வருகிறது, நடையும் கைவேலையும் தேறுகின்றன என்பது இரண்டாவது. நோயின் போக்கே மாறுகிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே அளவு ஆதாரம் இல்லை. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘தாளம் குணமாக்கும்’ என்று சொன்னால், நம்பி வரும் நோயாளிதான் ஏமாறுவார்.

முதல் கூற்று வலுவானது. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்த நோயில், நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. அசைவைத் தானாகத் தொடங்குவதும், உரிய அளவில் சீராகத் தொடர்வதும் அதனால் கெடுகின்றன. கையெழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகிறது. குரல் தணிகிறது. நடக்கையில் கைவீச்சு நின்றுவிடுகிறது. சிலருக்கு வாசற்படியருகே கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நகர மறுக்கிறது. உள்ளிருந்து வரவேண்டிய காலக்கணக்கு தவறும்போது வெளியிலிருந்து ஒரு தாளம் கிடைத்தால், அதிகம் பாதிக்கப்படாத வேறு நரம்புப் பாதைகளின் வழியாக அசைவு எழுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். கொலராடோவில் மைக்கேல் தாவுட் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், தாளத்துக்கு அடிவைத்து மூன்று வாரம் பயின்றவர்களின் நடைவேகமும் அடியின் நீளமும் கூடின.

டைக்கோ இந்தத் தேவைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை அதன் பாடமுறையில் பார்க்கலாம். பெரிய நாகாடோ மேளம் ஒரே மரத்தைக் குடைந்து, மாட்டுத்தோலைச் சுற்றிலும் ஆணியடித்துச் செய்வது. அதன் முன் கால்களை அகட்டி, இடது முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். ‘பாச்சி’ என்னும் கழியைத் தலைக்கு மேல் முழுக்க உயர்த்தி, கையின் கனத்தோடு விழவிட வேண்டும். அடிப்பதற்கு முன்பே அதை வாயால் சொல்லிப் பழக வேண்டும்: தோலின் நடுவில் விழும் முழு அடி ‘டொன்’, அதே நேரத்துக்குள் இரண்டு அடி ‘டொகோ’, விளிம்பில் தட்டுவது ‘கா’. மிருதங்க மாணவர் சொற்கட்டைச் சொல்லிவிட்டுக் கைவைப்பதைப் போன்ற முறை இது. பக்கத்தில் ஒருவர் அடிப்படைத் தாளத்தை விடாமல் வாசித்துக்கொண்டிருப்பார். நடுநடுவே எல்லோரும் வாய்விட்டு முழங்குவார்கள்.

நோய் சுருக்கும் அசைவை இந்தக் கலை பெரிதாகக் கேட்கிறது. நோய் தணிக்கும் குரலை உரக்கக் கேட்கிறது. நோய் குலைக்கும் காலக்கணக்கைப் பக்கத்திலிருந்தே தருகிறது. பேச்சுச் சிகிச்சையாளர் லொரெய்ன் ரேமிக் 1980களில் உருவாக்கிய குரல் பயிற்சியும், அதன் வழியில் பின்னர் வந்த உடல் பயிற்சியும் ‘வேண்டுமென்றே பெரிதாகச் செய்’ என்ற இதே கொள்கையில்தான் நிற்கின்றன. ஆகவே டைக்கோவைப் பழங்கால வைத்தியமாக அலங்கரிக்கத் தேவையில்லை. பல மேளங்கள் சேர்ந்து ஒலிக்கும் இன்றைய குழு வடிவமே, ஜாஸ் டிரம்ஸ் கலைஞரான ஒகுச்சி டைஹாச்சி 1951இல் நகானோவில் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததுதான். அதன் தகுதி அது உடலிடம் கேட்கும் வேலையில் இருக்கிறது.

இரண்டாவது கூற்றுக்கு வந்ததும் தரை இளகுகிறது. மேற்சொன்ன தாள ஆய்வு நடையைப் பற்றியது. டைக்கோ பயிற்றுவதோ பெரும்பாலும் தோளையும் கையையும். நின்ற இடத்தில் கையை ஓங்கப் பழகியவருக்கு வாசற்படியில் கால் நகரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எதைப் பழகுகிறோமோ அதில்தான் தேர்ச்சி முதலில் வரும். மேளத்தைப் பற்றிய ஆய்வாக முன்வைக்கப்படும் 2016ஆம் ஆண்டுக் கட்டுரையோ மேற்கு ஆப்பிரிக்க மேளத்தைப் பற்றியது. மொத்தம் 20 பேர். மேளம் அடித்தது அவர்களில் பாதிப்பேர், அதுவும் ஆறு வாரம். வாழ்க்கைத் தரத்துக்கான மதிப்பெண் மேம்பட்டது. நம்பிக்கை தரும் தொடக்கம், ஆனால் தொடக்கம் மட்டுமே.

இந்த நோயில் இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. வெற்று மருந்தை எதிர்பார்ப்போடு பெற்ற நோயாளிகளின் மூளையிலும் டோபமைன் சுரந்ததை 2001இல் கனடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே வகுப்பு முடிந்து ஒருவர் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால், அது உண்மைதான். ஆனால் அதில் மேளத்தின் பங்கு எவ்வளவு, எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்பதை ஒப்பீட்டுக் குழு இல்லாமல் பிரிக்க முடியாது.

மூன்றாவது கூற்றைத் தள்ளிவிடலாம். டைக்கோ அடித்தால் நரம்பணுக்களின் அழிவு நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்லிக் கட்டணம் வாங்குவது தவறு. அதை நம்பி, இந்நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரையைக் குறைப்பது ஆபத்து.

சரியான அளவுகோலை எனக்குக் காட்டியது 2007இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு. 153 நோயாளிகளுக்கு அவரவர் வீட்டிலேயே தாளக் குறிப்போடு மூன்று வாரம் நடைப்பயிற்சி தந்தார்கள். நடை சிறிதளவு தேறியது. பயிற்சி நின்று ஆறு வாரம் ஆனபோது அந்தப் பலன் பெருமளவு கரைந்திருந்தது. தாளம் உதவுகிறது, தொடர்ந்து பழகும்வரை உதவுகிறது என்பதே இதன் பொருள். அப்படியானால் வகுப்பைப் பார்த்துக் கேட்க வேண்டியது ‘எவ்வளவு குணமாகும்?’ என்பதல்ல, ‘அடுத்த ஆண்டும் எத்தனை பேர் வருவார்கள்?’ என்பது. தனியாகச் செய்யும் உடற்பயிற்சியைப் பலரும் சில வாரங்களில் விட்டுவிடுகிறார்கள். சேர்ந்து வாசிக்கும் கூட்டத்தில் தன் அடி இல்லாவிட்டால் தாளம் குறையும் என்பது ஒருவரை வரவழைக்கும். டைக்கோவின் மிகப் பெரிய வாய்ப்பு இதுதான். இதை அளப்பதும் எளிது: வருகைப் பதிவேடு போதும். ஆண்டிறுதியில் அந்தக் கணக்கை வெளியிடும் வகுப்பே நம்பத்தக்கது.

நடத்தும் விதத்திலும் நிபந்தனைகள் உண்டு. வேகம் கூடினால் நோயாளியின் அடிகள் சிறுத்துத் தாளம் தறிகெட்டு ஓடும். ஆகவே நிதானமான காலத்திலேயே வாசிக்க வேண்டும். அகட்டி நிற்க முடியாதவருக்கு நாற்காலி வேண்டும். தோள் இறுக்கம் இந்நோயில் அடிக்கடி வருவது. கழியை எவ்வளவு உயர்த்துவது என்பதை அந்தத் தோளே தீர்மானிக்கட்டும். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரமே வகுப்பு நேரமாக வேண்டும். காதுக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

நிலைதடுமாறி விழுவதுதான் ஒருவரின் முதல் கவலை என்றால், டைக்கோ அவருடைய முதல் தேர்வாகக் கூடாது. 2012இல் 195 பேரை வைத்து ஆரிகனில் நடந்த ஆய்வு, தாய்-ச்சி பயிற்சி சமநிலையை மேம்படுத்துவதையும், நீட்சிப் பயிற்சியோடு ஒப்பிட்டால் விழுவதைக் குறைப்பதையும் காட்டியது. டைக்கோவுக்கு அப்படியொரு சான்று இன்னும் தேவை. மருந்தும் பிசியோதெரபியும் தத்தம் இடத்தில் இருக்க, வாரந்தோறும் உடலைப் பெரிதாக அசைக்கவும் குரலை உயர்த்தவும் மனிதர்களோடு இருக்கவும் ஓர் இடம் தேடுபவருக்கு டைக்கோ வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சிகிச்சை என்று அல்ல, விட மனம் வராத பயிற்சி என்று.