கோவையில் வென்ற கோப்பை, காணாமல் போன கிளப்

2019 மார்ச் 9. ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். கோவை நேரு ஸ்டேடியத்தில் நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாபை வென்றால் சென்னை சிட்டிக்குக் கோப்பை. சறுக்கினால், கோழிக்கோட்டில் அதே நேரத்தில் கோகுலம் கேரளாவோடு மோதிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் மினர்வா ஒரு கோல் போட்டது. இடைவேளை வரை பதில் இல்லை. பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். மீதி இரண்டு கோலையும் போட்டவர் முன்கள வீரர் அல்ல. பின்களத்தில் ஆடும் கௌரவ் போரா. 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கியிருந்து மீண்டு 2-1 என வென்றுவிட்டது. ஆனாலும் அவர்களுக்கு 42 புள்ளி, சென்னை சிட்டிக்கு 43.

ஐ-லீக் கோப்பையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த ஒரே அணி அதுதான். 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கிய அமெச்சூர் அணி. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். என்று அலுவலக அணிகள் கோலோச்சிய சென்னை லீகில் பல பத்தாண்டுகள் ஆடிவிட்டு, பிற்பாடு பெயரை மாற்றிக்கொண்டு, 2016-17-ல் ஐ-லீகுக்குள் வந்தது. நம் திண்டுக்கல் மாவட்டக் கன்னிவாடியிலிருந்து ஒட்டன்சத்திரம் போய் பஸ் மாறினால் நாலு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய ஒரு மைதானத்தில் இந்தியாவின் சாம்பியன் பட்டம் முடிவானது. நம் மாவட்டத்தில் அன்று எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த அணி எப்படி வென்றது என்பதை முதலில் பார்ப்போம். முதல் இரண்டு பருவங்களில் அட்டவணையின் அடிப்பகுதியிலேயே உழன்ற அணி அது. 2018-ல் சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் வந்தார். கோல்கீப்பரிடம் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எதிர்முனைக்கு உதைத்து அனுப்புவதுதான் அன்றைய ஐ-லீகின் வழக்கமான ஆட்டம். நவாஸ் அதை மாற்றினார். பின்களத்திலிருந்தே சின்னச் சின்ன பாஸ், எதிரணியை முன்னால் இழுத்துவிட்டு அவர்கள் விட்ட இடத்தில் நுழைவது. இதற்கு ஏற்ற ஆட்களை ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளிலிருந்து கொண்டுவந்தார்கள். நெஸ்டர் கோர்டில்லோவும் சாண்ட்ரோவும் நடுக்களத்தைப் பிடித்துக்கொள்ள, முன்னால் மான்சி. எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம்மூர்ப் பிள்ளைகள் அவர்களைச் சுற்றி ஓடினார்கள். ஓட்டத்துக்கு ஆள் வைத்தது போலத் தோன்றினாலும், பாஸ் கொடுத்து வாங்குவதில் அவர்கள் யாரும் அந்த ஸ்பானியர்களுக்குப் பின்தங்கிவிடவில்லை.

20 ஆட்டத்தில் 48 கோல் போட்டது அணி, 28 வாங்கியது. சாம்பியனுக்கு 28 என்பது கொஞ்சம் அதிகம். ஒன்று வாங்கினால் இரண்டு போட்டுக்கொள்ளலாம் என்ற துணிச்சலில் ஆடிய அணி. பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்த 48-ல் 21 கோல் மான்சி ஒருவருடையது. கிட்டத்தட்ட பாதி. பட்டம் வென்ற சந்தோஷத்தில் யாரும் கவனிக்காத எண் அது.

கோப்பை வென்ற சில வாரங்களில் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பை. அதில், ஐ-லீகுக்கு இணையாக நடந்த இந்தியன் சூப்பர் லீகின் (ஐ.எஸ்.எல்.) சாம்பியன் பெங்களூரு எஃப்.சி.யை 2-1 என்று சென்னை சிட்டி வீழ்த்தியது. இரண்டு லீகின் சாம்பியன்களும் நேருக்கு நேர் மோதி, சின்ன பட்ஜெட் அணி ஜெயித்தது. உலகத்தின் பெரும்பாலான நாடுகளில் அடுத்த ஆண்டு அந்த அணியை மேலே ஏற்றியிருப்பார்கள். இங்கே நடந்தது தலைகீழ். 2019-20 பருவத்தில் ஐ.எஸ்.எல். நாட்டின் முதல்நிலை லீக் ஆனது. ஐ-லீக் சாம்பியன் இருந்த இடத்திலேயே இருக்க, அந்த இடம் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. ஐ-லீகில் வென்றால் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம் என்ற விதி 2022-23 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதில் முதலில் ஏறியது யார் தெரியுமா? பஞ்சாப். கோவையில் தோற்ற அதே மினர்வா, ரவுண்ட்கிளாஸ் நிறுவனத்தின் கைக்கு மாறி, பஞ்சாப் எஃப்.சி. என்ற பெயரில் ஐ.எஸ்.எல்.லுக்குள் போனது.

இரண்டு கிளப்களும் ஐ-லீகுக்குள் நுழைந்தது ஒரே ஆண்டில். 2018-ல் மினர்வா சாம்பியன், 2019-ல் சென்னை சிட்டி சாம்பியன். இன்று ஒன்று இருக்கிறது, மற்றொன்று இல்லை. 2021-22 ஐ-லீக் அட்டவணையில் சென்னை சிட்டி என்ற பெயரே கிடையாது. சாம்பியனான மூன்றாவது ஆண்டு!

விதி அநியாயம் செய்தது உண்மை. அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிக் கதைதான். பெயர் சென்னை, மைதானம் கோவை. சென்னைக்காரருக்கு ஐ.எஸ்.எல்.லில் சென்னையின் எஃப்.சி. இருந்தது. கோவைக்காரருக்கு இது வேற்றூர்ப் பெயர் தாங்கிய அணி. சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியபோது பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் பங்குதாரர் வந்துவிட்டால் பார்வையாளர் வந்துவிடுவாரா? நல்ல ஆட்டக்காரர் ஒருவர் ஒரு பருவம் ஜொலித்தால் அடுத்த பருவத்தில் ஐ.எஸ்.எல். அணி அழைத்துக்கொள்ளும். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் பட்டத்துக்கு முன்பே ஜாம்ஷெட்பூர் போய்விட்டார். பட்டத்துக்குப் பின் எட்வின், அஜித்குமார், ரொமாரியோ என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 2020 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே, மான்சியும் போனார்.

மான்சி போன கிளப் இந்தக் கதைக்கு முக்கியம். ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா.

நீகாட்டா மாகாணம் அரிசிக்கும் பனிக்கும் பேர்போனது. 2020 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 22 லட்சம் பேர். நம் திண்டுக்கல் மாவட்டம் 2011 கணக்கில் 21.6 லட்சம். ஏறக்குறைய ஒரே அளவு. கால்பந்தில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத அந்தப் பகுதியில் 1955-ல் 'நீகாட்டா லெவன்' என்று ஒரு அமெச்சூர் அணி தொடங்கியது. வட்டார லீகிலேயே பல பத்தாண்டுகள். அதுவரை நேதாஜி கிளப்பின் கதையும் இதுவும் ஒன்றுதான். 1998-ல் ஜப்பான் கால்பந்து லீக், 1999-ல் ஜே-லீகின் இரண்டாம் பிரிவு, 2003-ல் அதில் சாம்பியன், 2004-ல் முதல் பிரிவு. படிப்படியாக ஏறியது.

ஆனால் என்னை அசத்துவது கோல் கணக்கல்ல, கூட்டக் கணக்கு. 2002 உலகக் கோப்பைக்காக அங்கே 42,000 பேர் அமரும் பிக் ஸ்வான் ஸ்டேடியம் கட்டினார்கள். இரண்டாம் பிரிவு அணி அதை எப்படி நிரப்பும்? கிளப் நிர்வாகம் தெருத் தெருவாகக் குடியிருப்போர் சங்கங்கள் மூலம் இலவச டிக்கெட் கொடுத்தது. இங்கே அப்படிச் செய்தால் 'காசு கொடுத்துப் பார்க்க ஆளில்லை' என்று கேலி பேசுவோம். அங்கே இலவசமாக வந்த பாட்டி தாத்தாக்கள் அடுத்த வருடம் சீசன் டிக்கெட் வாங்கினார்கள். 2003-ல் சராசரிக் கூட்டம் 30,000-ஐத் தாண்டியது, 2005-ல் 40,000-ஐ. 14 பருவம் முதல் பிரிவில் நின்று, 2017-ல் கீழே விழுந்தார்கள். மான்சி போய்ச் சேர்ந்தது இரண்டாம் பிரிவில் இருந்த அந்த அணியில்தான். 2022-ல் மீண்டும் சாம்பியனாகி மேலே வந்தார்கள். 2024-ல் லீக் கோப்பை இறுதிப் போட்டியில் நகோயாவோடு 3-3 வரை இழுத்துப் பெனால்டியில் தோற்றார்கள். அந்தக் கிளப் இதுவரை பெரிய கோப்பை எதையும் வென்றதில்லை. சென்னை சிட்டி வென்றது. எது உயிரோடு இருக்கிறது?

நம் பக்கத்திலேயே வேறொரு உதாரணமும் உண்டு. மதுரை சேது எஃப்.சி., பெண்கள் அணி. 2016-ல் தொடங்கி, 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் சாம்பியன் ஆனது. மார்ச்சில் ஆண்கள் பட்டம், மே மாதம் பெண்கள் பட்டம். தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு அப்படியொரு வருடம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. 2022-ல் முதல் 10 ஆட்டங்களையும் வென்று, கடைசி ஆட்டத்தில் கோகுலத்திடம் தோற்றுக் கோப்பையைத் தவறவிட்டார்கள். ஒரே உரிமையாளர், ஒரே ஊர் வட்டாரம், பெயரை மாற்றவில்லை, இடத்தை மாற்றவில்லை. பட்டம் போன பின்பும் அணி இருந்தது. கன்னிவாடியிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் இந்த அணியைப் பற்றி நம் பள்ளிகளில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னோமா?

திண்டுக்கல் பெயரில் சாம்பியன் ஆன அணி ஒன்று இருக்கிறதே என்பீர்கள். டி.என்.பி.எல். கிரிக்கெட்டில் திண்டுக்கல் டிராகன்ஸ் 2024-ல் அஸ்வின் தலைமையில் கோப்பை வென்றது, நானும் கைதட்டினேன். ஆனால் அது திண்டுக்கல் மாவட்ட லீகில் ஆடி ஏறி வந்த அணி அல்ல. பெயர் நம்முடையது, அவ்வளவுதான்.

நம் கிராமங்களில் கால்பந்து இல்லாமலில்லை. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் சுழற்கோப்பை அறிவிப்பார்கள். பரிசளிப்பவர் பெயர்கள் நோட்டீஸ் நிறைய இருக்கும். எல்லாமே நாக் அவுட். வேன் பிடித்து வரும் அணி காலை முதல் ஆட்டத்தில் தோற்றால் பத்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். இதில் பாதுகாப்பாக ஆடுகிற, பந்தைத் தூக்கி அடிக்கிற, பெனால்டி வரை இழுக்கிற அணிதான் பிழைக்கும். பின்களத்திலிருந்து பாஸ் போட்டு ஆட எந்தப் பயிற்சியாளருக்குத் துணிவு வரும்? நவாஸின் அணி 20 ஆட்ட லீகில் ஆடியதால்தான் மூன்றில் தோற்றும் சாம்பியன் ஆனது. நாக் அவுட்டில் அந்த அணி முதல் தோல்வியோடு வெளியே போயிருக்கும்.

அதனால் கேட்பது ஒன்றே. சுழற்கோப்பைக்குப் பணம் கொடுக்கும் பெரியவர்கள் ஒரே ஒரு வருடம் அந்தப் பணத்தை ஒரு லீகுக்குக் கொடுங்கள். கன்னிவாடி, ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், ஆத்தூர், சின்னாளப்பட்டி என்று ஆறேழு ஊர் அணிகள் போதும். ஞாயிறுதோறும் ஒரு ஆட்டம், சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. அட்டவணையைப் பள்ளிக்கூடச் சுவரிலும் டீக்கடையிலும் ஒட்டுங்கள். டிக்கெட் வேண்டாம், இலவசமாகவே வரட்டும்.