இரும்புப் பூதமும் இறவா உயிரும்

பேசும் இயந்திரம் இடம்பெறும் குடும்பப் படங்களிற் பலவற்றில், தகரத்துள் ஒளிந்துகொண்ட மனிதனே பேசுகின்றான். பிராட் பேர்ட் 1999இல் நெறிப்படுத்திய 'தி அயர்ன் ஜயன்ற்' என்னுஞ் சித்திரப்படம் இதற்கு விலக்காகும். டெட் ஹியூஸ் 1968இல் வெளியிட்ட சிறுவர் கதையைத் தழுவியதாயினும், அதன் களம் 1957ஆம் ஆண்டின் அமெரிக்கா. ஸ்புட்னிக் வானேறியதும் அயலாரை ஐயுற்று அஞ்சிய காலம்.

விண்ணினின்று வீழ்ந்த இரும்புப் பூதம், ஹோகார்த் என்னுஞ் சிறுவனிடம் ஒவ்வொரு சொல்லாகக் கற்கின்றது. வேட்டைக்காரர் சுட்ட மானின் உடல்முன் அது திகைத்து நிற்குங் காட்சியே படத்தின் உயிர்நிலை. இறப்பு யாதென்பதை அங்கே அறிகின்றது. உயிர் இறவாதென்று சிறுவன் பின்னர்த் தேற்றுகின்றான். தானே ஒரு படைக்கலமென உணர்ந்த பின்பும், படைக்கலமாயிருக்க மறுக்கின்றது அப்பூதம். தன்னைக் குறித்து ஏவப்பட்டு ஊரையே அழிக்க வரும் அணு ஏவுகணையை வானில் எதிர்கொள்கின்றது. அவ்வேளையில் அது கூறுவது ஒரே சொல். படக்கதைப் புத்தகத்திற் கண்ட வீரனின் பெயர். வசனத்தை நீட்டிப் பழகியோர் இதனை நோக்குவாராக.

ஆயின் இறுதிக் காட்சியை எம்மால் ஏற்க முடியவில்லை. சிதறிய உறுப்புக்கள் ஐஸ்லாந்தின் பனிவெளியில் ஒன்றையொன்று நாடிச் சேர்கின்றன. இரயில் மோதியபோதும் அவ்வாறே கூடினவென்பர் சிலர். கதைப்போக்கிற்கு அது பொருந்தலாம். சிறுவர் அழுதபடி வீடு திரும்பலாகாதென்ற பரிவும் விளங்குகின்றது. எனினும், இறவாதது உயிரென்று கூறிய படம் ஈற்றில் இறவாதது உடலென்றன்றோ காட்டிவிடுகின்றது? மீண்டெழுவோமென அறிந்து பாய்ந்திருப்பின் அதனைத் தியாகமென்று கூறுதல் எங்ஙனம்? தளபதி அனுப்பிய ஒற்றைத் திருகாணி ஹோகார்த்தின் கையிற் கிடக்கும் காட்சியோடு படத்தை முடித்திருக்கலாம்.