கூண்டுக்குள் வராத பூனை

தெருப்பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடும் முறையைப் பற்றிப் பேசும்போது, எத்தனை பூனைகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது என்ற கணக்குத்தான் முதலில் வரும். அந்தக் கணக்கு போதாது. அகப்பட்டவை எத்தனை என்பதைவிட அகப்படாதவை எவை என்பதே முக்கியம்.

சிங்கப்பூரின் அனுபவம் இதில் நீளமானது. 1998-இல் அங்கே தெருப்பூனைகளுக்கான கருத்தடைத் திட்டம் தொடங்கியது. 2003-இல் சார்ஸ் பரவியபோது அது கைவிடப்பட்டு, பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன. கொடுமை ஒருபுறமிருக்க, உணவும் ஒதுங்க இடமும் இருக்கும்வரை வேறு பூனைகள் வந்து சேரத்தான் செய்யும். 2024 செப்டம்பரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு இருந்த தடை நீங்கியது. பிடித்துக் கருத்தடை செய்யும் வேலைக்கும் இப்போது அரசின் ஆதரவு உண்டு. கொல்வதைவிட இது மேலான வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கருத்தடை செய்த ஆண்பூனைகளிடம் இரவுச் சண்டையும் மூத்திர நாற்றமும் குறைகின்றன. குடியிருப்பாளர்களின் புகார்களில் பல இவற்றைப் பற்றியவைதான்.

குறை எங்கே என்றால், பிடிக்கும் விதத்தில். பொறிக்கூண்டின் உள்ளே ஒரு மிதிதகடு இருக்கும். அதற்கும் அப்பால், கோடியில் மீன். பூனை தகட்டில் கால் வைத்ததும் கதவு விழும். மிரண்ட பூனை கம்பியில் முட்டி மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். அந்த நொடியே கனத்த துணியால் கூண்டை மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவரால் இது முடியாது. வெயிலோ மழையோ எறும்போ வந்தாலும் அந்தப் பூனைக்குத் தப்ப வழியில்லை. கண்பார்வையில் காத்திருக்க முடியாதவர் கூண்டு வைக்கவே கூடாது. கொண்டுபோகும்போது கூண்டைச் சரியாமல் பிடிக்க வேண்டும். காற்றோட்டம் இல்லாத கார் டிக்கியில் வைக்கக் கூடாது. பூனை படுத்துவிட்டதே என்று வழியில் கதவைத் திறந்து பார்க்கவும் கூடாது.

அகப்பட்ட பூனையின் காம்புகள் புடைத்து, சுற்றியுள்ள முடி நனைந்து ஒட்டியிருந்தால், எங்கோ ஒரு மறைவில் குட்டிகள் பால் குடிக்கக் காத்திருக்கின்றன. அந்தத் தாயை இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்தால் குட்டிகள் செத்துப்போகலாம். இதைக் கவனிக்க அந்த இடத்தையே அறிந்தவர் வேண்டும், அதாவது தினமும் சோறு வைக்கும் அக்கா. அவரைக் கேட்காமல் நடத்தும் பிடிப்பு எதுவும் எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

பசித்த, மனிதரை அண்டும் பூனைகள் முதல் நாளே விழுந்துவிடும். வயதான, சூட்டிகையான பெண்பூனையோ கூண்டைச் சுற்றி வந்து விலகிப் போகும். பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைபிடிக்கக் கூடியது; சினைக்காலம் சுமார் 9 வாரம். இரண்டு பெண்பூனைகளை விட்டுவைத்தாலே ஓராண்டில் செய்த வேலை கரைந்துவிடும். அவற்றுக்கு, முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்தி, ஆள் கயிற்றை இழுத்ததும் மேலிருந்து விழும் கூண்டும் பொறுமையும் தேவை. ஆனால் எண்ணிக்கையைக் காட்டி நிதி கேட்கும் திட்டங்களில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை.

பிடிப்பது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 1991 முதல் பத்தாண்டுகள் ரோம் நகரில் ஏறக்குறைய 8,000 பூனைகளுக்குக் கருத்தடை செய்து திரும்ப விட்டார்கள். பூனைக்கூட்டங்கள் குறைந்தது உண்மை. ஆனால் வீட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவையும் தாமே வந்து சேர்ந்தவையுமாகப் புதிய பூனைகள் அந்தப் பலனைப் பெரிதும் அரித்தன. இதை ஆராய்ந்தவர்களே, பூனைகள் கைவிடப்படுவதைத் தடுக்க வீட்டுப்பூனைகளின் இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்த மக்களுக்குக் கற்பிக்காவிட்டால் பணமும் உழைப்பும் வீண் என்று எழுதினார்கள். இன்னொன்று, கருத்தடை செய்த பூனையும் பறவையையும் ஓணானையும் வேட்டையாடும். காட்டோரங்களில் திரும்ப விடுவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. அங்கே பிடிபடும் பூனைகளில் பழகக்கூடியவற்றுக்கு வீடு தேடித் தருவதே முறை.

கூண்டு தூக்கும் தன்னார்வலர்களே, ஒரு புளோக்கின் கடைசிப் பெண்பூனை அகப்படும்வரை அடுத்த புளோக்குக்குப் போகாதீர்கள். வீட்டில் பூனை வளர்ப்போரே, அதற்கு ஐந்து மாதம் ஆகும் முன்பே கருத்தடைக்காகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.